ஸ்பானர் பெட்டி: மொதல்ல நம்பர பாருங்க, அப்புறம் விலைய கேளுங்க

போன இதழ்ல, கார்ல சின்னச் சின்ன வேலைய வீட்டு வாசல்லயே பண்ணிக்கலாம்னு ஒரு ஓரமா நாலு வரி எழுதினாலும் எழுதினேன், லெட்டரும் வாட்ஸப்புமா கொட்டிருச்சு. எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்விதான்: சாமான எங்க வாங்குறது, எவ்வளவு ஆகும், ஏமாறாம எப்படி வாங்குறது. நான் மெக்கானிக் இல்லைங்க, ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்டர்ல பன்னெண்டு வருஷம் நின்னவன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க எந்த எடத்துல காசு விடுவாங்கன்னு தெரியும், அந்த அனுபவத்துல சொல்றேன். விலையெல்லாம் ஒரு குத்துமதிப்புதான், ஊருக்கு ஊர் கடைக்கு கடை மாறும்.

கேள்வி: அண்ணா, செகண்ட்ஹேண்ட்ல 2014 வேகன்ஆர் ஒண்ணு வாங்கிருக்கனுங்க. ஆயிலு ஃபில்டரெல்லாம் நானே மாத்தோணும்னு ஆசைங்க. டூல்ஸ் வாங்க கைல 5,000 ரூவா இருக்குதுங்க. ஆன்லைன்ல 108 பீஸ் டூல் கிட்டு 2,500க்கு போட்டிருக்கான், அதையே வாங்கிறலாமுங்களா? (பொள்ளாச்சி வாசகர்)

வேண்டாம் தம்பி. அந்த 108ல பாதிக்கு மேல ஸ்க்ரூ பிட்டும் குட்டிக் குட்டி சாக்கெட்டும்தான் இருக்கும், பெட்டிய திறந்து பார்த்தா நகைக்கடை மாதிரி மினுக்கும், ஆனா வண்டிக்கு கீழ போய் நாலு வருஷமா யாரும் தொடாத ஒரு போல்ட்டுல மாட்டி ஒரு அழுத்து அழுத்துனீங்கன்னா சாக்கெட்ட மாட்டிச் சுத்துற கைப்பிடி, அதான் ராட்செட், உள்ளாற பல்லு உடைஞ்சு கரகரன்னு சும்மாவே சுத்தும். உங்க வண்டில அதிகமா கைக்கு வர்ற சைஸே 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அவ்வளவுதான். வீல் நட்டு 19. ஹூண்டாய்னா வீல் நட்டுக்கு மட்டும் 21 வேணும், மத்ததெல்லாம் கிட்டத்தட்ட இதே சைஸ்தான். போலோ, ஸ்கோடா வெச்சிருக்கிறவங்களுக்கு 13, 16, 18னு சைஸும் மாறும், அதோட நட்சத்திர வடிவ டார்க்ஸ் வேற வரும், அது தனிக் கதை.

அதனால இப்படி வாங்குங்க. டபாரியா மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனில ஒரு ரிங் ஸ்பானர் செட்டு, கூட ஒரு அரை இஞ்ச் ராட்செட் ஹேண்டிலு, ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு, அதுக்கு மேல சொன்ன ஆறு சைஸ் சாக்கெட்ட மட்டும் உதிரியா. ஹார்ட்வேர் கடைல கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. சாக்கெட் வாங்கும்போது உள்ள எட்டிப் பாருங்க, ஆறு முனை, பன்னெண்டு முனைன்னு ரெண்டு டைப் இருக்கும். ஆறு முனைதான் வேணும். பன்னெண்டு முனை மாட்டுறதுக்கு சுலபமா இருக்கும், ஆனா துருப்பிடிச்ச நட்டோட தலைய வழிச்சு விட்டுரும், அப்புறம் அதக் கழட்ட வெல்டிங்காரர தேடணும். ஸ்பார்க் ப்ளக் சாக்கெட்டு 14, 16, 21னு மூணு சைஸ்ல இருக்கு, உங்க எஞ்சினுக்கு எதுன்னு பார்க்காம வாங்கிறாதீங்க. ஆயில் ஃபில்டர் கழட்ட பெல்ட் டைப் ரெஞ்சு ஒண்ணு, 200 ரூபா பக்கம். இவ்வளவும் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்.

மிச்சம் இருக்குல்ல ரெண்டாயிரம், அதுல ஸ்பானர் வாங்காதீங்க, ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்க. இங்கதான் நான் கொஞ்சம் கோவமா பேசுவேன். வண்டியோட வர்ற ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்தான், அத நம்பி ஒரு நிமிஷம் கூட வண்டிக்கு அடியில போகக் கூடாது, ஹாலோ பிளாக்க அடுக்கி வெச்சு அதுமேல வண்டிய நிறுத்துறாங்க பாருங்க, அது அதவிட மோசம், அந்தக் கல்லு பார்க்க கெட்டியா இருக்கும், பாரம் ஒரே புள்ளில எறங்குச்சுன்னா சத்தமில்லாம நொறுங்கிரும். வேகன்ஆர் ஒரு டன்னுக்கு உள்ளதான், ரெண்டு டன் ஸ்டாண்டு தாராளம். சமதளத்துல, சிமென்ட் தரைல நிறுத்தி, பின்சக்கரத்துக்கு கட்டை குடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டாண்டுல உக்காந்த பிறகு வண்டிய தோளால ஒரு இடி இடிச்சு ஆடுதான்னு பார்த்துட்டு அப்புறம் அடியில போங்க.

இறுக்கத்த அளந்து முறுக்குற டார்க் ரெஞ்சு இப்போதைக்கு வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் பழைய ஆயில எறக்குற ட்ரெயின் போல்ட்ட சின்ன ஸ்பானர்லதான் முறுக்கணும், நீளமா பைப் சொருகி முறுக்குனா மரை போயிரும், போல்ட்டு போனா நூறு ரூபா, எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி, அதான் சம்ப், அதோட மரை போச்சுன்னா லேத் பட்டறைல போய் நிக்கணும். போல்ட்டுக்கு வாஷர் புதுசு போடுங்க, இருபது முப்பது ரூபா சாமான்.

இன்னொண்ணு, நானே பட்டது. மொத தடவ ஆயில் ஃபில்டர் மாத்தினப்ப பழைய ஃபில்டரோட ரப்பர் ரிங்கு எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுருக்கு, நான் பார்க்கல, அதுமேலயே புது ஃபில்டர மாட்டிட்டேன். ரெண்டு ரப்பர், ஒண்ணு மேல ஒண்ணு. ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் கூட ஆகல, வாசக் கோலத்துல மூணு லிட்டர் புது ஆயிலு. என் சம்சாரம் இன்னைக்கும் அத சொல்லிக் காட்டும். பழைய ஃபில்டர கழட்டுனதும் அதோட ரப்பர் அதுலயே இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா எஞ்சின் பக்கம் விரல விட்டு தடவுங்க.

கேள்வி: சார், பிரேக் பேடு கம்பெனி ஷோரூம்ல ஒரு விலை, வெளிய கடைல அதுல முக்கால் விலை, இன்னொரு கடைல பாதிக்கும் கம்மி. மூணுமே ஒரிஜினல்னு சொல்றாங்க. எதத்தான் நம்புறது? (வில்லிவாக்கம் வாசகர்)

மூணு பேருமே அவங்கவங்க கணக்குல உண்மையத்தான் சொல்றாங்க சார், ‘ஒரிஜினல்’ங்கிற வார்த்தைக்கு கவுன்டர்ல மூணு நாலு அர்த்தம் உண்டு.

கார் கம்பெனிக்காரன் எல்லாப் பார்ட்டையும் தானே செய்றதில்ல, வெளிய இருந்து வாங்கி தன் பேர் போட்ட டப்பால அடைச்சு விக்கிறான். அதத்தான் நாம கம்பெனி பார்ட்டுன்னு சொல்றோம், மாருதிக்கு எம்ஜிபி, ஹூண்டாய்க்கு மோபிஸ். அவனுக்கு சப்ளை பண்ற கம்பெனியும் தன் சொந்தப் பேருல ஒரு டப்பா போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புவான், அது விலை கம்மி. நீங்க இருக்கிறது வில்லிவாக்கம், ரெண்டு ஸ்டாப் தள்ளி பாடில ‘லூகாஸ்’னு பஸ் ஸ்டாப்பே இருக்கே, அந்த லூகாஸ் டிவிஎஸ் 1961லேர்ந்து ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் எல்லாம் செய்யுது, அதே பாடில பிரேக்ஸ் இந்தியா 1962லேர்ந்து பிரேக் செய்யுது. இவங்க கார் கம்பெனிங்களுக்கும் குடுக்குறாங்க, கடைக்கும் தனியா குடுக்குறாங்க. பிரேக் பேடுன்னா டிவிஎஸ் அப்பாச்சின்னு (பைக் இல்ல, பேடோட பேரு) கேட்டுப் பாருங்க, ரானே கேட்டுப் பாருங்க. ரெண்டும் நம்ம சென்னைக் கம்பெனிங்கதான். ரெண்டு டப்பாலயும் அச்சு அசல் ஒரே பேடுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், கலவை மாறலாம், ஆனா பேர் போன கம்பெனி தன் பேர் போட்டு விக்கிற பேட நம்பிப் போடலாம்.

அந்த மூணாவது கடை, பாதிக்கும் கம்மின்னு சொன்னவர், அங்கதான் வில்லங்கம். கம்பெனி டப்பாவ அப்படியே காப்பி அடிச்சு உள்ள எதையோ வெச்சு விக்கிறது ஒரு தொழிலாவே நடக்குது. டப்பால எழுத்து மங்கலா இருக்கா, எம்ஆர்பி ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா ஒட்டிருக்கா, ஹாலோகிராம திருப்பித் திருப்பி பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியுதா, இதெல்லாம் பாருங்க. எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி பில்லு கேளுங்க. பில்லுன்னதும் “அது வேற ரேட்டு சார்”னு இழுத்தார்னா கும்பிடு போட்டுட்டு அடுத்த கடைக்கு நடைய கட்டுங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து வண்டி பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், முன்ன 28 சதவீதம் போட்டுட்டிருந்த பார்ட்டுங்க நிறைய, பழைய ஸ்டாக்க பழைய எம்ஆர்பிக்கே தள்ளுறாங்களான்னும் ஒரு கண்ணு வைங்க.

ஆனா விலையவிட பெரிய நஷ்டம் எதுல தெரியுமா, தப்பான பார்ட்டுல. “ஸ்விஃப்ட்டுக்கு பிரேக் பேடு குடுங்க”ன்னு கேக்காதீங்க. எந்த ஸ்விஃப்ட்டு, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா, ஒரே வருஷத்துலயே நடுவுல மாத்தி விட்ருப்பான். ஆர்சி புக்குல சேசிஸ் நம்பர் இருக்கும், 17 எழுத்து, அத போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டர்ல அதக் குடுத்தா கம்ப்யூட்டர்ல தட்டி உங்க வண்டிக்குன்னே உள்ள பார்ட் நம்பர சொல்லிருவாங்க, அங்கதான் வாங்கணும்னு கட்டாயமில்ல. அந்த நம்பர சீட்டுல எழுதிக்கிட்டு எந்தக் கடைக்கு வேணா போங்க, பூட்மோ மாதிரி ஆன்லைன் எடத்துலயும் அதே நம்பரப் போட்டுத் தேடுங்க, கம்பெனி டப்பா என்ன விலை, மத்த கம்பெனி டப்பா என்ன விலைன்னு வரிசையா வந்து நிக்கும். நம்பரோட வர்ற கஸ்டமர்கிட்ட கடைக்காரர் கத விட மாட்டார், என் அனுபவத்துல சொல்றேன், நாங்களே விட மாட்டோம்.

எதுல மிச்சம் பிடிக்கலாம்னா ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு, வீல் கேப்பு, மேட்டு. எதுல கூடாதுன்னா பிரேக்கு, ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட்டு. ஆயில் ஃபில்டரும் ரெண்டாவது கூட்டம்தான், நூறு ரூபா மிச்சம் பண்ணி எஞ்சினப் பணயம் வைக்கக் கூடாது.

கேள்வி: தம்பி, நான் ரிட்டயர்டு டீச்சர். காரு வாரத்துல ஒரு நாள்தான் வெளிய எடுக்கிறது. காலைல ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, பேட்டரி போச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க. வாங்கி நாலு வருஷம் ஆச்சு. நெசமாவே போச்சான்னு எப்படிப்பா தெரிஞ்சுக்கிறது? (மதுரை வாசகி)

டீச்சரம்மா, 300, 400 ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒண்ணு எலக்ட்ரிக்கல் கடைல வாங்கிருங்க, வீட்ல இன்வெர்ட்டருக்கும் ஆகும். ராத்திரி பூரா நின்ன வண்டில, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டிசி வோல்ட்ல வெச்சு பேட்டரி ரெண்டு முனையிலயும் தொடுங்க. 12.6 காட்டுனா ஃபுல் சார்ஜு. 12.2 பக்கம்னா பாதி. 12க்கு கீழன்னா காலி, ஆனா காலின்னா போச்சுன்னு அர்த்தம் இல்ல, வாரத்துக்கு ஒருநாள் எடுத்தா எந்த பேட்டரியும் எறங்கத்தான் செய்யும். சார்ஜ் போட்டு ஒரு நாள் வெச்சு திரும்ப அளந்து பாருங்க, நின்னா பேட்டரி நல்லாருக்கு, மறுபடி எறங்கிருச்சுன்னா ஆயுசு முடிஞ்சது, நாலு வருஷம் ஓடினதே நல்ல ஓட்டம்தான்.

அடுத்து எஞ்சின் ஓடும்போது அளங்க. 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் இருக்கணும். ஓடும்போதும் அதே 12 சொச்சத்துலயே நின்னா குத்தம் பேட்டரி மேல இல்ல, சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் மேல. இது தெரியாம புது பேட்டரி போட்டு அதையும் காலி பண்ணுனவங்கள நான் நிறையப் பார்த்திருக்கேன். மாத்துறதா இருந்தா பழைய பேட்டரிய சும்மா விட்டுட்டு வராதீங்கம்மா, ஈயத்துக்கு விலை உண்டு, எக்ஸ்சேஞ்சுல கழிச்சுத்தான் பணம் குடுக்கணும். கழட்டும்போது மொதல்ல மைனஸ், மாட்டும்போது கடைசில மைனஸ். மாத்திப் பண்ணி ஸ்பானர் பாடில பட்டுச்சுன்னா தீபாவளி மத்தாப்புதான்.

கேள்வி: ப்ரோ, ரிவர்ஸ் எடுக்கும்போது சைடு மிரர் உடைஞ்சிருச்சு, ஷோரூம்ல ஏழாயிரம் சொல்றான். ஃப்ரெண்டு புதுப்பேட்டை போலாம்ங்கிறான். போலாமா, திருட்டு சாமானா இருக்குமோன்னு பயமா இருக்கு. (தாம்பரம் வாசகர்)

மிரருக்குத் தாராளமா போங்க. சென்னைல பழைய கார் சாமான் விக்கிற புதுப்பேட்டை சரியா ஒத்துவர்றதே இந்த மாதிரி சாமானுக்குத்தான். மிரர், ஹெட்லைட், டெயில் லேம்ப், கதவுக் கைப்பிடி, பவர் விண்டோ மோட்டாரு, பானெட்டு, சீட்டு, கண்ணால பார்த்து கையால அசைச்சு நல்லாருக்கான்னு அப்பவே தெரிஞ்சுக்கக் கூடிய எதையும் அங்க வாங்கலாம். ரப்பர் சாமான், பெல்ட்டு, பிரேக்கு, டயரு, ஏர்பேகு இதெல்லாம் பழசுல வாங்கவே கூடாது. அந்த ஏர்பேகு எந்த வண்டில எப்ப வெடிச்சு திரும்ப மடிச்சு வெச்சதுன்னு யாருக்கும் தெரியாது. எஞ்சின் கம்ப்யூட்டரும் வாங்காதீங்க, சாவியோட ஜோடி சேர்த்திருப்பாங்க, உங்க வண்டில மாட்டுனா ஸ்டார்ட்டே ஆகாது.

பழைய மிரர கழட்டி கையோட கொண்டு போங்க, பின்னாடி சாக்கெட்டுல எத்தனை வயரு வருதுன்னு அங்கயே எண்ணி ஒப்பிட்டுப் பாருங்க, கைல திருப்புற மிரருக்கும் மோட்டார் மிரருக்கும் வெளிய ஒரே மூஞ்சிதான். கலர் பொருந்தணும்னு அலையாதீங்க, மேல் கவர் தனியா கழண்டு வரும், உங்க பழைய கவரயே மாட்டிக்கலாம். மொதல்ல சொல்ற விலைய அப்படியே ஒத்துக்கிட்டா கடைக்காரருக்கே ஒரு மாதிரி ஆயிரும், நாலு கடை ஏறி எறங்குங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போறதவிட வார நாள்ல காலைல போனா நின்னு பேசுவாங்க.

திருட்டு சாமான் பயம் நியாயமானதுதான். நிரந்தரக் கடையா, போர்டு இருக்கா, பில்லு எழுதித் தர்றாரான்னு பாருங்க. ரோட்டுல கோணிப்பை விரிச்சு, நேத்துதான் கழட்டுன மாதிரி பளபளன்னு ஒரு மிரர் கெடந்துச்சுன்னா அது யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்ன வண்டியோடதா இருக்கலாம், தொடாதீங்க. சீட் கவரு, ஸ்டீரியோ மாதிரி புது ஆக்சசரின்னா புதுப்பேட்டை எடம் இல்ல, ஜிபி ரோடு போங்க.

கேள்வி: அண்ணே, டாஷ்போர்டுல எஞ்சின் லைட் எரியுது. ஸ்கேன் பண்ணவே 500, 800னு வாங்குறாங்க. ஆன்லைன்ல ப்ளூடூத் ஸ்கேனர் 600க்கு இருக்கே, வேலை செய்யுமா? (நாகர்கோவில் வாசகர்)

செய்யும். ஈஎல்எம்327ன்னு போட்டுத் தேடுங்க. ஸ்டியரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும், அதுல சொருகி போன்ல ஒரு ஆப்ப போட்டா என்ன கோடுன்னு காட்டும். நம்ம ஊர்ல 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்4 கார்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. ஐபோன் வெச்சிருந்தா சாதா ப்ளூடூத் டைப் ஒத்துக்காது, வைஃபை டைப்போ, ஐபோனுக்கு ஒத்துக்கும்னு போட்டிருக்கிற ப்ளூடூத் டைப்போ வாங்கணும்.

ஆனா கோடு சொல்றது நோயோட பேர் இல்ல, எங்க வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். பி0301னு வந்தா ஒண்ணாவது சிலிண்டர் சரியா எரியலன்னு அர்த்தம், உடனே ப்ளக்குக்கு கரன்ட் குடுக்கிற காயில் வாங்க ஓடிறாதீங்க. ஒண்ணாவது சிலிண்டர் காயில கழட்டி ரெண்டாவதுல மாட்டி, ரெண்டாவத ஒண்ணுல மாட்டி ஓட்டிப் பாருங்க. கோடு பி0302ன்னு மாறுனா காயில்தான் குத்தவாளி. மாறலன்னா ப்ளக்க இதே மாதிரி மாத்திப் பாருங்க. பைசா செலவில்லாத டெஸ்ட்டு. எஞ்சின் ஆறுன பிறகு பண்ணுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிறேன், லைட் எரியாம மின்னி மின்னி அடிச்சா வண்டிய ஓரம் கட்டுங்க, எரியாத பெட்ரோல் போய், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர தீச்சிரும், அதோட விலைய கேட்டா வண்டியவே வித்துரலாம்னு தோணும். பார்த்து முடிச்சதும் அந்த ஸ்கேனர கழட்டி வெச்சிருங்க, மட்டமானது பேட்டரிய உறிஞ்சும்.

கேள்வி: கூலண்ட் கொறைஞ்சா ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா? பிரேக் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வெச்சா மலிவா வருதே? (வேலூர் வாசகர்)

நடுவழில வேற கதியில்லன்னா எந்தத் தண்ணியும் ஊத்தலாம், வீட்ல நிக்கும்போது எதுக்கு. வேலூர் போர் தண்ணி ஊத்துனா ரேடியேட்டர்ல உப்பு படிஞ்சு அடைச்சிரும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. கூலண்ட்ல கலக்காம ஊத்துற ரெடி மிக்ஸும் இருக்கு, பாதிக்குப் பாதி தண்ணி சேர்க்கிற கான்சன்ட்ரேட்டும் இருக்கு, விலைய ஒப்பிடும்போது எது எதுன்னு பார்த்து ஒப்பிடுங்க, கான்சன்ட்ரேட்டு விலை கூட தெரிஞ்சாலும் ரெண்டு மடங்கா வரும். கலரப் பார்த்து வாங்காதீங்க, பச்சைக்குள்ளயே பல வகை இருக்கு, மேனுவல்ல போட்டிருக்கிற டைப்ப பாருங்க. சூடா இருக்கும்போது மூடியத் திறந்தா மூஞ்சி வெந்துரும், சும்மா சொல்லல.

பிரேக் ஆயில் விஷயத்துல மலிவுன்னு ஏமாறாதீங்க. அது காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், ஈரம் சேர்ந்தா கொதிநிலை எறங்கிரும். டாட் 4க்கு புதுசுல குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் ஏறுனதுக்கு 155தான் கணக்கு. ஏலகிரி எறங்கும்போது பிரேக் மேல பிரேக் போட்டு அது கொதிச்சுதுன்னா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அதனால சின்ன பாட்டில், சீல் உடையாதது, ஒரு தடவைக்கு வேணுங்கிற அளவு. மிச்சத்த அடுத்த வருஷத்துக்குன்னு பரண்ல வைக்காதீங்க. பெயின்ட் மேல சிந்துனா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

கேள்வி: வண்டி வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது. நானும் ஏதாவது பண்ணலாமா? (திருச்சி வாசகர்)

வாரண்ட்டி முடியிற வரைக்கும் ஆயில் பக்கம் போகாதீங்க. கேபின் ஃபில்டர் மாத்துங்க, நிறைய வண்டில டேஷ்போர்டு டப்பாவ கழட்டுனா பின்னாடியே இருக்கும், டூலே வேண்டாம், அஞ்சு நிமிஷம். ஃபில்டர் 300, 400 ரூபாய்ல முடிஞ்சிரும், சர்வீஸ்ல லேபரும் சேர்த்துப் போடுவாங்க. மேல அம்புக்குறி இருக்கும், காத்து போற திசைக்கு வைங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் உங்க பேச்ச கேட்டு ஆயில் மாத்த ஆரம்பிச்சிட்டார். பழைய ஆயில அஞ்சு லிட்டர் கேன்ல ஊத்தி கிச்சனுக்குப் பின்னாடி வெச்சிருக்கார், கரையானுக்கு அடிக்கலாம்ங்கிறார். என்ன பண்றது? (தஞ்சாவூர் வாசகி)

அம்மா, அந்தக் காலத்துல கழிவு ஆயில வேலிக்காலுக்கும் கதவு நிலைக்கும் தடவினவங்கதான் நாமெல்லாம், ஆனா ஓடின ஆயில்ல உலோகத் தூளும் கருகின கழிவும் இருக்கு, வீட்டுக்குள்ள புழங்குற எடத்துல வேண்டாம். சாக்கடைலயும் மண்ணுலயும் ஊத்தவே கூடாது, உங்க கிணத்துக்குத்தான் திரும்பி வரும். பக்கத்துல இருக்கிற ஒர்க்‌ஷாப்புல கேன கொண்டு போய்க் குடுக்கச் சொல்லுங்க, அவங்க பேரல்ல சேர்த்து வெச்சு மறுசுழற்சிக்கு எடுக்கிறவங்களுக்குப் போடுவாங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அப்புறம் புது ஆயில் வந்த காலி டப்பாவ பழைய இரும்புக்காரர்கிட்ட முழுசா போடாதீங்க, அதுலயே கலப்பட ஆயில அடைச்சு திரும்ப கடைக்கு வந்துரும், கத்தியால ரெண்டு குத்து குத்திட்டுப் போடுங்க. கேன கிச்சன் பக்கத்துலேர்ந்து இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க, எண்ணெய்னு நெனச்சு யாராவது தாளிச்சுறப் போறாங்க.